ஆறு இலக்கம் வெள்ளவத்தையில்

“உன்னை எனக்குத் தெரியாது” என்று சேர்வர் சொன்னபோது காலை எட்டு முப்பத்தைந்து.

உண்மையில் அது இங்கிலீஷில், சிவப்பு எழுத்தில், இரண்டு வரியில் சொன்னது. விஷ்வாவுக்கு அப்படித்தான் கேட்டது. கொட்டாஞ்சேனையில் பேக்கரி ஒன்றின் மேல்மாடியில், கடித்த மீன் பணிஸைக் கையில் பிடித்தபடி அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னப்பா, முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்று கேட்டார் சாத்தப்பன். கம்பனி அவருடையது. மூன்று தலைமுறையாகப் புறக்கோட்டையில் அரிசி மொத்த வியாபாரம் செய்த குடும்பம். கம்ப்யூட்டர் பக்கம் வந்த முதல் ஆள் இவர்தான். வந்தும் வழக்கத்தை விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ரவுட்டருக்குச் சந்தனப் பொட்டு உண்டு.

“மெசேஜ் போகல சேர். கீ செல்லாதுன்னு சொல்லுது.”

“யாரு சொல்றது?”

“லைப்ரரி.”

“காலையில ஆறு மணிக்குச் செல்லுபடியான கீ எட்டரைக்கு எப்பிடிச் செல்லாமப் போகும்? நீ எதையாவது தொட்டியா?”

“பணிஸத்தான் சேர் தொட்டேன்.”

பாடசாலை வான்கள்தான் அவர்களுடைய தொழில். வான் ஓட்டுவதில்லை. வான் எங்கே வருகிறது என்று தாய்மாருக்குச் சொல்வது. ‘வான் புறப்பட்டது’ என்று ஒரு மெசேஜ், ‘ஐந்து நிமிடத்தில் உங்கள் ஒழுங்கை’ என்று இன்னொன்று. இரண்டாவது வந்ததும் தாய் படியிறங்கி வந்து பிள்ளையைக் கையில் வாங்கிக்கொள்வாள். நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். மெசேஜை அனுப்புவது சேர்வரில் இருக்கும் ஒரு லைப்ரரி, அதாவது வெளிநாட்டுக் கம்பனி ஒன்று எழுதிக் கொடுத்த நிரல்களின் கட்டு. நீளமான ரகசியக் கீ ஒன்றைக் காட்டினால்தான் அது அசையும். இன்று கீயைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“ஒன்றரைக்கு ஸ்கூல் விடும்” என்றார் சாத்தப்பன். “அதுக்குள்ள மெசேஜ் போகணும். போகலேன்னா வெள்ளிக்கிழமை உனக்குக் கடிதம் எழுத என் கை வராதுப்பா.”

அந்தக் கடிதம் விஷ்வாவின் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம். இரண்டு மாதமாக அவன் காத்திருப்பது அதற்குத்தான். அவனுடைய அம்மா ஆனந்தி காத்திருக்கவில்லை. மகனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று ஜம்பட்டா வீதி முழுக்கப் போன மாதமே சொல்லி முடித்துவிட்டாள்.

விஷ்வா பணிஸை வைத்துவிட்டு வேலையில் இறங்கினான். கீ ஒரு கோப்பில் இருந்தது. கோப்பில் ஏதாவது கோளாறாயிருக்கும் என்று நினைத்து, அதே கீயைச் சேர்வரின் அமைப்புகளுக்குள் தன் கையாலேயே இன்னொரு தரம் பதிந்தான். பதிந்துவிட்டுச் சேர்வரை நிறுத்தி, மறுபடி எழுப்பினான்.

அதுவரை மெசேஜ் மட்டும்தான் போகாமல் இருந்தது. சேர்வர் எழும்பியபோது, வான்கள் நிற்கும் இடத்தைத் தாய்மாருக்குக் காட்டும் வரைபடமும் போய்விட்டது. காலையில் ஒருமுறை காட்டிய கீயை நம்பி இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்தது அது. திரும்பக் கேட்டதும் அதற்கும் சந்தேகம் வந்துவிட்டது.

போன் அடித்தது. நளீபா என்ற தாய், புதுச்செட்டித் தெருவிலிருந்து.

“தம்பி, மெப்பில எங்கட வானக் காணோமே. கடலுக்குள்ள போயிட்டா?”

“இல்ல மேடம், வான் பத்திரமா ஸ்கூல்ல நிக்கிது. மெப்தான் கொஞ்சம் சுகமில்ல.”

“புள்ள ஒண்ணாம் வகுப்பு தம்பி. மெசேஜ் வந்தாத்தான் நான் மூணு மாடி இறங்கி வருவேன். ஒன்றரைக்குச் சரியாகிருமா?”

“ஆகிரும் மேடம்.”

சொன்ன பிறகுதான் அதை எப்படிச் செய்வது என்று யோசித்தான். ஒரே வழி, அந்த வெளிநாட்டுக் கம்பனியின் தளத்துக்குள் கணக்கின் உரிமையாளராக நுழைந்து புதுக் கீ எடுப்பது.

“சேர், ஓனர் பாஸ்வேர்ட்?”

சாத்தப்பன் சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்து மூலைகளில் மஞ்சள் தடவிய சிவப்பு அட்டைக் கொப்பியை எடுத்துவந்தார். அதில் நாலு பாஸ்வேர்ட்கள் இருந்தன. ஒன்றுக்குப் பக்கத்தில் ‘பழசு’, அடுத்ததற்குப் பக்கத்தில் ‘புதுசு’, மூன்றாவதற்குப் பக்கத்தில் ‘ரொம்பப் புதுசு’. நாலாவதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

“ரொம்பப் புதுசப் போடு.”

இல்லை என்றது.

“அப்ப புதுசு.”

இல்லை.

“பேர் இல்லாததுதான் சரியா இருக்கும். அவசரத்துல எழுதினேன்.”

மூன்று முறை பிழை, கணக்கு பூட்டப்பட்டது. உரிமையாளரின் கைபேசிக்கு ஆறு இலக்கம் அனுப்பி உறுதிப்படுத்தினால் மட்டுமே திறக்கப்படும் என்று தளம் சொன்னது. கைபேசியின் கடைசி இரண்டு எண்கள் முப்பத்தேழு.

“அப்ப பழசுதான் சரி போல” என்றார் சாத்தப்பன், கொப்பியை மூடியபடி.

“முப்பத்தேழு யாரோட நம்பர் சேர்?”

“சுகிர்தனோடது.”

இந்த முழு அமைப்பையும் கட்டியவன் சுகிர்தன். எட்டு மாதத்துக்கு முன் மெல்பேர்னுக்குப் போய்விட்டான். அவனுக்குப் பின் தனுஷியா வந்தாள். இரண்டு கிழமைக்கு முன் அவளும் வேறு கம்பனிக்குப் போய்விட்டாள். அவள் எழுதிவைத்த குறிப்புக்களில் விஷ்வா தேடினான். ‘கீ செல்லாவிட்டால்’ என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி இருந்தது: வெறும் வயிற்றோடு போகவும்.

அவன் பாதிப் பணிஸைப் பார்த்தான். பிறகு மெல்பேர்னுக்கு அடித்தான்.

“அந்த சிம் அம்மாட்ட இருக்கு மச்சான்” என்று சுகிர்தன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். ஏதோ கூட்டத்தில் இருந்தான். “வெள்ளவத்தையில. நீ கேட்டா அவ சொல்லமாட்டா. போனுக்கு வாற இலக்கத்தை, ஓடீபியை, ஆருக்கும் சொல்லக்கூடாது எண்டு நான்தான் சொல்லி வைச்சனான். பொறு, நான் எடுத்துச் சொல்லுறன்.”

பத்து நிமிடத்தில் திரும்ப எடுத்தான். குரல் இன்னும் தாழ்ந்திருந்தது.

“பிழைச்சுப் போச்சடா. நான் ஆரோ கள்ளன் எண்டு சொல்லிப்போட்டு போனையே ஓஃப் பண்ணிட்டா.”

“உங்க குரல் தெரியாதா?”

“இப்ப கள்ளர் பிள்ளையளின்ர குரலிலயும் கதைக்கினமாம், பேப்பரில வந்ததாம். என்னைச் சோதிக்க ஒரு கேள்வி கேட்டா. ‘போன மாசம் நான் அனுப்பின பார்சலில என்ன இருந்தது?’ நான் மிளகாய்த்தூள் எண்டு சொன்னன்.”

“இல்லையா?”



“நான் அதை இன்னும் பிரிக்கேல்லையடா” என்றான் சுகிர்தன். “நீ நேர போ. எந்த ஊர் எண்டு கேப்பா. அரியாலை எண்டு சொல்லு. எங்கட ஊர். கதவைத் திறந்திடுவா.”

மட்டக்குளியிலிருந்து வந்த பஸ்ஸில் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தொங்கியபடி, விஷ்வா தனுஷியாவுக்கு அடித்தான்.

“வெள்ளவத்தைக்கா போறீங்க?” அவள் சிரித்தாள். “நானும் போயிருக்கிறன். சாப்பிட்டீங்களா?”

“அரைப் பணிஸ். ஏன் நீங்க அந்த நம்பர ஆபிஸ் நம்பரா மாத்தல? அப்பவே மாத்தியிருந்தா எனக்கு இந்தப் பாடு வருமா?”

“மாத்தத்தான் போனனான்” என்றாள் தனுஷியா. பிறகு, “நீங்க போய் மாத்துங்களேன், பார்ப்பம்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

காலி வீதி அன்றைக்கு நகரவில்லை. வெள்ளவத்தையில் இறங்கி, கடல் பக்கம் போகும் ஒழுங்கையில் அந்த அடுக்குமாடியைக் கண்டுபிடித்தபோது பதினொன்று ஐம்பது. வாசலில் இருந்த காவலாளி அவனையும் மடிக்கணினிப் பையையும் ஒரு தரம் பார்த்தார்.

“ஓடீபீ ஏகட்டத மல்லி?” என்று சிங்களத்தில் கேட்டார். அந்த ஓடீபிக்கா தம்பி?

விஷ்வா திகைத்துப்போய்த் தலையாட்டினான். அவர் நாலாம் மாடியைக் காட்டினார். இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை.

இரும்புக் கிறில் கதவு. அதற்குப் பின்னால் மரக்கதவு, அரை அடி திறந்தது. கண்ணாடிக்கு மேலால் இரண்டு கண்கள்.

“ஆர் நீர்?”

“விஷ்வா, அன்ரி. சுகிர்தன் வேலை செஞ்ச கம்பனியிலிருந்து வாறேன். நீங்க சுகிர்தனோட அம்மா...”

“என்ர பேர்?”

“இரத்தினம்மா.”

“அது கீழ தபால் பெட்டியில எழுதிக்கிடக்கு. உமக்கு எந்த ஊர்?”

கேள்வி வந்துவிட்டது. விஷ்வா மூச்சை இழுத்துக்கொண்டான். “அரியாலை.”

கதவு இன்னும் நாலு அங்குலம் திறந்தது. நல்ல அறிகுறி என்று நினைத்தான்.

“அரியாலையில எவடம்?”

“கோயிலடி.”

“எந்தக் கோயிலடி?”

“பிள்ளையார் கோயில்.”

“எந்தப் பிள்ளையார்?”

“பெரிய பிள்ளையார்.”

“ரெயில் பாதைக்கு அங்காலயோ, இங்காலயோ?”

விஷ்வா வாழ்க்கையில் யாழ்ப்பாணம் போனதில்லை. “நடுவுல” என்றான்.

“ரெயில் பாதைக்கு நடுவில பிள்ளையார்!” இரத்தினம்மா உள்ளே திரும்பிச் சத்தமாகச் சொன்னாள். “இஞ்சேருங்கோ, கேட்டியளே? ரெயில் பிள்ளையாராம்!” உள்ளே பேப்பர் ஒன்று சரசரத்தது. அவள் அவன் பக்கம் திரும்பினாள். “தகப்பன்ர பேர் என்ன?”

“பழனி.”

“தகப்பன்ர தகப்பன்?”

“அழகர்.”

“அரியாலையில அழகர்?” என்று கேட்டு அவள் மரக்கதவைச் சாத்தினாள்.

மணி பன்னிரண்டு ஐந்து. விஷ்வா கிறில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். காலையிலிருந்து எல்லோரும் அவனை யாரென்று கேட்டுவிட்டு இல்லை என்கிறார்கள். சேர்வர் இல்லை என்றது, தளம் இல்லை என்றது, இப்போது இந்த அம்மா. அவர்களில் ஒருத்தருக்காவது உண்மையைச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

“அன்ரி!” என்று சாத்திய கதவைப் பார்த்துச் சொன்னான். “நான் கொட்டாஞ்சேனை. அப்பா துறைமுகத்துல கிரேன் ஓட்டினவர். தாத்தா பதுளைப் பக்கம் தோட்டத்துல இருந்து வந்தவர். அதுக்கு முன்ன எந்த ஊருன்னு அவருக்கும் சரியாத் தெரியல. எனக்கு ஊர் ஒண்ணும் இல்ல அன்ரி. அரியாலைன்னு சொல்லச் சொன்னது உங்க மகன். ஒன்றரைக்கு ஸ்கூல் விடும். மெசேஜ் போகலேன்னா சின்னப் பிள்ளைங்கள இறக்கி எடுக்க அம்மாமார் வரமாட்டாங்க.”

படியிறங்கத் திரும்பினான். பின்னால் பூட்டுத் திறக்கும் ஓசை கேட்டது.

“கள்ளனெண்டா எல்லாத்துக்கும் மறுமொழி பாடமாக்கிக்கொண்டெல்லோ வருவான்” என்றாள் இரத்தினம்மா, கிறிலைத் தள்ளியபடி. “உனக்கு ஒண்டும் தெரியேல்லை. உள்ள வா ராசா.”

முன்னறையில், கதிரையில், முகத்துக்கு முன்னால் பேப்பரை விரித்தபடி ஒருவர் இருந்தார். பேப்பருக்கு மேலால் நரைத்த தலை மட்டும் தெரிந்தது.

“உவர்தான் சுகிர்தன்ர அப்பா, நாகேந்திரம். உவருக்குக் காதும் கேளாது, போனும் தெரியாது. காலமையும் என்ர போனை எடுத்து நோண்டிக்கொண்டிருந்தார், பறிச்சு வைச்சனான். இரு, சாப்பிடு.”

“அன்ரி, முதல்ல அந்த ஆறு இலக்கம்...”

“வெறும் வயித்தில என்ன இலக்கம்?”

இடியப்பம் வந்தது. சொதி வந்தது. மீன் குழம்பு, சம்பல், பொரித்த மிளகாய். ஒவ்வொன்றோடும் ஒரு கதை வந்தது. சுகிர்தன் ஐந்தாம் வகுப்பில் வாங்கிய புள்ளிகள், அவனுடைய அறை அப்படியே இருப்பது, முழங்கால் வலி வந்த பிறகு கோயிலுக்கும் போகாமல் விட்டது. கடைசியாக வீட்டுக்கு வந்த ஆள் தனுஷியாப் பிள்ளை, அதுவும் மூன்று மாதமாகிறது.

“நல்ல பிள்ளை. ஆனா இடியப்பம் நாலோட எழும்பிட்டுது. நீ எத்தினை சாப்பிட்டனீ?”

“ஒன்பது அன்ரி.”

“கொட்டாஞ்சேனைப் பிள்ளையள் பரவாயில்லை.” கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள். “இண்டைக்கு ஒரு கள்ளன் என்ர மகன்ர குரலில எடுத்தவன், தெரியுமோ? பார்சலில மிளகாய்த்தூள் எண்டான். நான் அனுப்பினது பருத்தித்துறை வடை. பார்சல் போற பதினெட்டு நாளையும் கணக்குப் பார்த்து, கடிச்சா கறுமுறு எண்ட பதத்தில அனுப்பினது. என்ர மகனெண்டா மறப்பானோ?”

விஷ்வா பத்தாவது இடியப்பத்தைப் பார்த்தான். “மறக்கமாட்டார் அன்ரி” என்றான்.

மணி பன்னிரண்டு ஐம்பது. அவன் தளத்தைத் திறந்து இலக்கம் கேட்டான். இரத்தினம்மா போனை உயிர்ப்பித்தாள். அது கிணுங்கியது.

“வந்திட்டுது. ஆனா சொல்லமாட்டன்.”

“அன்ரி!”

“ஆருக்கும் சொல்லக்கூடாது எண்டு மகன் சொன்னவன். சொல்லக்கூடாது எண்டுதானே சொன்னவன். நானே அடிக்கிறன். நீ அங்கால பார்.”

அவன் அங்கால பார்த்தான். யன்னலுக்கு வெளியே கடல் இருந்தது, ஒரு ரெயில் போனது. அவள் கண்ணாடியைத் தேடினாள். கண்ணாடி தலையில் இருந்தது. அது தெரியவந்தபோது ஐந்து நிமிடம் முடிந்து, இலக்கம் காலாவதியாகிவிட்டது.

இரண்டாவது இலக்கம் வந்தது. அவள் ஒற்றை விரலால் ஆறையும் அடித்தாள். தளம் பிழை என்றது. அடித்தது முதல் வந்த இலக்கம்.

“இன்னும் ஒரே ஒரு தடவைதான் விடும் அன்ரி. அப்புறம் நாளைக்குத்தான்.”

“நீ ஏன் நகத்தைக் கடிக்கிறாய்? என்ர கையெல்லோ அடிக்குது?”

மூன்றாவது சரியாக விழுந்தது. மணி ஒன்று பன்னிரண்டு. விஷ்வா புதுக் கீயை எடுத்துக் கோப்பில் வைத்து, சேர்வரை எழுப்பினான்.

அதே சிவப்பு எழுத்து. அதே இரண்டு வரி.

“என்ன சொல்லுது?” என்றாள் இரத்தினம்மா.

“இன்னும் தெரியாதுங்குது அன்ரி.”

“புதுசெல்லோ குடுத்தனீ? பழசு எங்கையும் கிடக்குதோ பார். வீட்டுப் பூட்டை மாத்தினாலும் நான் பழைய துறப்பைக் கோர்வையில விட்டிட்டு அதைத்தான் போட்டுத் திருகிறனான்.”

விஷ்வா நெற்றியில் அடித்துக்கொண்டான். காலையில் அவன் தன் கையாலேயே பழைய கீயைச் சேர்வரின் அமைப்புகளுக்குள் பதிந்திருந்தான். லைப்ரரி முதலில் பார்ப்பது அங்கேதான். அங்கே ஒன்றும் இல்லாவிட்டால்தான் கோப்பைப் பார்க்கும். அவன் காலையில் செய்த திருத்தம்தான் இப்போது வாசலை மறித்துக்கொண்டு நின்றது.

அதை அழித்தான். மணி ஒன்று இருபத்தாறு. சிவப்பு போய்ப் பச்சை வந்தது. ஒன்று முப்பத்தொன்றுக்கு முதல் வரி ஓடியது: வான் புறப்பட்டது. பிறகு இன்னொன்று, இன்னொன்று, எண்ண முடியாத வேகத்தில்.

போனில் சாத்தப்பன். “போகுதுப்பா! எல்லாம் போகுது! கடிதத்த இப்பவே அடிக்கச் சொல்லிட்டேன். ஒண்ணு மட்டும், அங்கயே இருந்து அந்த நம்பர ஆபிஸ் நம்பரா மாத்திட்டு வா. இனி ஒருத்தன் அங்க ஓடக்கூடாது.”

அவர் குரல் பெரிது. இரத்தினம்மாவுக்கும் கேட்டது.

“ஓம், மாத்திப்போட்டுப் போ ராசா. எனக்கும் உந்தத் தொல்லை வேண்டாம்” என்று சொல்லிவிட்டு எழும்பினாள். “இரு, உன்ர அம்மாவுக்கு வடை கட்டித் தாறன்.” முழங்காலைப் பிடித்தபடி குசினிக்குள் போனாள். டின் மூடி திறக்கும் சத்தமும், அவள் தனக்குள் ஏதோ மெல்லப் பாடும் சத்தமும் வந்தன.

விஷ்வா உரிமையாளர் பக்கத்தைத் திறந்தான். முப்பத்தேழில் முடியும் எண்ணை அழித்து, அலுவலக எண்ணை அடித்தான். கீழே நீல நிறத்தில் ஒரு பொத்தான். ஒரு அழுத்தல்தான். அதற்குப் பிறகு இந்த நாலு மாடியை யாரும் ஏறவேண்டியதில்லை.

விரலை வைக்கப்போனான்.

பேப்பர் மடியும் சத்தம் கேட்டது. அவ்வளவு நேரமும் ஒரு சொல் பேசாமல் இருந்த நாகேந்திரம் குசினிப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, முன்னால் குனிந்து, மிக மெல்லிய குரலில் சொன்னார்:

“அதை அமத்தாதேங்கோ தம்பி, மூண்டு மாசத்துக்கொருக்கா அந்தப் போனுக்கு ‘கீ தொடர்ந்து வேணுமோ’ எண்டு ஒரு மெசேஜ் வரும், நான் ‘வேண்டாம்’ எண்டு அனுப்பினாத்தான் இவவோட இருந்து கதைக்க ஒரு பிள்ளை இந்த வீட்டுக்கு வருகுது.”